மழை ஊரில் மழை குறைந்த கதை: மேகாலயாவின் மௌம்லு குகை

"உலகிலேயே அதிகமாக மழை பெய்யும் இடம் எது?"

பள்ளிக்கூட வினாடி வினாவில் இந்தக் கேள்வி வந்தால் கடைசி பெஞ்ச் வரை ஒரே குரலில் பதில் வரும்: "சிரபுஞ்சி!" கொஞ்சம் விவரமான பிள்ளைகள், "இல்ல சார், பக்கத்துல இருக்கிற மௌசின்ராம்" என்று திருத்துவார்கள். இரண்டுக்கும் இடையிலான போட்டி ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. சராசரிக் கணக்கில் மௌசின்ராம் ஒரு சாண் முன்னால் நிற்கிறது.

அடுத்த கேள்வி இது: "நாம் இப்போது வாழ்ந்துகொண்டிருக்கும் புவியியல் காலத்தின் பெயர் என்ன?"

வகுப்பு அமைதியாகிவிடும். டைனோசர் வாழ்ந்த ஜுராசிக் காலம் எல்லோருக்கும் தெரியும். நம்முடைய காலத்தின் பெயர் பலருக்குத் தெரியாது. அந்தப் பெயர் 'மேகாலயன்'. கடந்த 4,200 ஆண்டுகளுக்கு உலகம் முழுவதும் அதுதான் அதிகாரபூர்வமான பெயர். சிரபுஞ்சிக்குப் பக்கத்தில், மௌம்லு என்ற கிராமத்துக் குகையில் வளர்ந்த ஒரு கல்தான் அதற்குக் காரணம்.

மழைக்குப் பேர்போன ஊரில் எடுத்த அந்தக் கல் சொன்ன செய்தி, மழை குறைந்துபோன காலத்தைப் பற்றியது.

மேகத்துக்குள் ஒரு பாதை

அசாமின் கவுகாத்தியிலிருந்து மேகாலயாவின் தலைநகர் ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர். வழியில் உமியம் ஏரி வரும். பெரும்பாலான வண்டிகள் அங்கே ஐந்து நிமிடம் நின்றுதான் கிளம்பும். ஷில்லாங்கிலிருந்து சிரபுஞ்சிக்கு இன்னும் 55 கிலோமீட்டர். ஷில்லாங் படா பஜாரில் ஆள் சேர்ந்ததும் புறப்படும் ஷேர் சுமோக்கள்தான் உள்ளூர் மக்களின் பேருந்து.

உள்ளூரில் 'சிரபுஞ்சி' என்று யாரும் சொல்வதில்லை. அவர்களுக்கு அது 'சோஹ்ரா'. வெள்ளைக்காரர்கள் வாயில் 'செர்ரா' ஆகி, பிறகு சிரபுஞ்சி ஆனது. பாதையோரப் பெயர்ப் பலகைகளில் மௌசின்ராம், மௌஸ்மாய், மௌம்லு, மௌலின்னாங் என்று 'மௌ'வில் தொடங்கும் ஊர்கள் வரிசையாக வரும். காசி மொழியில் 'மௌ' என்றால் கல். குகைக்கு அவர்கள் சொல் 'க்ரெம்'.

மௌக்டாக் பாலத்தைத் தாண்டியதும் நிலம் சட்டென்று பிளந்து ஆழமான பள்ளத்தாக்காக விரிகிறது. ஒரு நிமிடம் எதிர்மலை தெரியும். அடுத்த நிமிடம் மேகம் ஏறி வந்து சாலையை மூடிவிடும். மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டிகள் ஊர்ந்து போகும். அந்த மேகத்துக்குள்ளிருந்து, ஆமை ஓடு போன்ற ஒன்றை முதுகில் கவிழ்த்துக்கொண்டு யாராவது நடந்து வருவார்கள். அது 'க்னுப்'. மூங்கில் சிம்பாலும் இலையாலும் பின்னிய மழைக்கூடு. தலையில் தொடங்கி இடுப்பு வரை மூடும் அதை மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும். குனிந்து நாற்று நடலாம், களை எடுக்கலாம். குடையால் முடியாத காரியம் இது.

வீட்டுக்கு வந்தவர்களுக்கு இங்கே முதலில் நீட்டுவது 'க்வாய்': வெற்றிலை, சுண்ணாம்பு, பச்சைப் பாக்கு. முன்பெல்லாம் தூரத்தைக்கூட எத்தனை க்வாய் மெல்லும் நேரம் என்று கணக்குச் சொல்வார்களாம். சொத்து தாய் வழியில் போகும் சமூகம் இது. குடும்பத்தின் கடைக்குட்டி மகளுக்குத்தான் பூர்வீக வீடு. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவளுக்கே.

26 மீட்டர் மழை

சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். சோஹ்ராவில் 11,000 மில்லிமீட்டரையும் தாண்டும். 1860 ஆகஸ்ட் தொடங்கி 1861 ஜூலை வரையிலான 12 மாதங்களில் இங்கே 26,461 மில்லிமீட்டர் கொட்டியது. பெய்த நீர் ஓடாமல் அப்படியே நின்றிருந்தால் எட்டு மாடிக் கட்டடம் மூழ்கியிருக்கும். அந்தச் சாதனையை இன்றுவரை எந்த ஊரும் முறியடிக்கவில்லை. 1995 ஜூன் 15, 16 ஆகிய இரண்டே நாட்களில் பெய்தது 2,493 மில்லிமீட்டர். அதுவும் உலக சாதனைதான்.

இவ்வளவு மழைக்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. வங்கக் கடலில் ஈரத்தைச் சுமந்துகொண்டு கிளம்பும் தென்மேற்குப் பருவக்காற்று, வங்கதேசத்தின் தட்டையான சமவெளியைத் தடையில்லாமல் கடந்து வருகிறது. திடீரென்று அதன் முன்னால் காசி மலை சுவர் போல 1,000 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. பள்ளத்தாக்குகள் புனல் மாதிரி காற்றைக் குறுக்கி மேலே தள்ளுகின்றன. ஏறிய காற்று குளிர்கிறது. சுமந்து வந்த நீர் மொத்தத்தையும் அங்கேயே இறக்கிவைத்துவிடுகிறது.

அந்த நீர் விழும் இடத்தில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்ஸைடை எடுத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. சோடா தண்ணீரைவிட லேசான அமிலம்தான். ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகளில் அது பாறையைக் கரைத்துச் சுரங்கப்பாதைகளே போட்டுவிடும். மேகாலயாவில் இப்படி உருவான குகைகள் ஆயிரத்துக்கு மேல். அதில் ஒன்று 7 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள க்ரெம் மௌம்லு.

இருட்டுக்குள் சொட்டும் கடிகாரம்

சோஹ்ராவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் மௌஸ்மாய் குகைக்குத்தான் போவார்கள். மின்விளக்கு போட்ட, சீக்கிரம் நடந்து வெளியே வந்துவிடக்கூடிய குகை அது. மௌம்லு அப்படியல்ல. தலையில் விளக்கு, ஹெல்மெட், வழி தெரிந்த உள்ளூர் வழிகாட்டி, நனைந்தாலும் பரவாயில்லை என்ற உடை, நனைய மனசு, எல்லாம் வேண்டும். சில இடங்களில் தவழ வேண்டும். சில இடங்களில் குளிர்ந்த நீருக்குள் இறங்கி நடக்க வேண்டும். மழைக்காலத்தில் உள்ளே போகவே கூடாது. வெளியே பெய்யும் மழை சில நிமிடங்களில் குகைக்குள் ஆறாக வந்துவிடும்.

விளக்கை அணைத்துவிட்டு நின்றால் கண் முன்னால் காட்டும் விரல்கூடத் தெரியாது. கேட்பதெல்லாம் ஒரு சத்தம்தான். டொப்... டொப்... டொப்...

பாறையைக் கரைத்துக்கொண்டு வந்த நீர், குகைக் கூரையில் துளியாகத் தொங்கும்போது அதிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு காற்றில் பிரிகிறது. உடனே, கரைந்திருந்த சுண்ணாம்பில் கொஞ்சம் கெட்டியாகிப் படிகிறது. கூரையில் படிந்து கீழ்நோக்கி வளர்வது தொங்கு பாறை. தரையில் விழுந்து மேல்நோக்கி எழுவது பொங்கு பாறை. நூறு ஆண்டுகளில் சில மில்லிமீட்டரோ, சில சென்டிமீட்டரோதான் வளரும். அதை நறுக்கிப் பார்த்தால் மரத்தின் வளையங்கள் போல அடுக்கடுக்காக இருக்கும். அடியில் இருப்பது பழைய மழை, மேலே இருப்பது புதிய மழை.

மௌம்லுவில் கிடைத்த அப்படியொரு பொங்கு பாறையைத்தான் மேக்ஸ் பெர்கெல்ஹாமர், ஆசிஷ் சின்ஹா உள்ளிட்ட விஞ்ஞானிகள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். பழங்காலப் பருவமழையை குகைக் கற்களிலிருந்து மீட்டெடுப்பது சின்ஹா நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை. ஆய்வு முடிவுகள் 2012-ல் வெளிவந்தன.

கல்லிடம் அவர்கள் கேட்டது இரண்டே கேள்விகள். முதல் கேள்வி: உன் ஒவ்வோர் அடுக்குக்கும் வயது என்ன? இதற்குப் பதில் யுரேனியத்தில் இருக்கிறது. நீரில் கரையும் யுரேனியம் மிகச் சிறிய அளவில் துளியோடு வந்து கல்லில் சிக்கிக்கொள்கிறது. தோரியம் நீரில் கரையாது. அதனால் புதிதாகப் படியும் அடுக்கில் தோரியம் ஏறக்குறைய இருக்காது. காலம் போகப் போக யுரேனியம் சிதைந்து தோரியமாக மாறும். அந்த மாற்றத்தின் வேகம் தெரியும் என்பதால், இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால் வயது வந்துவிடும்.

இரண்டாவது கேள்வி: நீ படிந்த காலத்தில் மழை எப்படி இருந்தது? இதற்கு ஆக்ஸிஜன் பதில் சொல்கிறது. ஆக்ஸிஜன் அணுக்களில் லேசானதும் உண்டு, கொஞ்சம் கனமானதும் உண்டு. கனமானது சீக்கிரம் மழையாக விழுந்துவிடும். பருவக்காற்று வலுவாக இருந்து, நெடுந்தூரம் பயணித்து, வழியெல்லாம் கொட்டித் தீர்த்தபடி வந்தால், கடைசியில் காசி மலையில் விழும் நீரில் கனமான ஆக்ஸிஜன் குறைந்திருக்கும். பருவக்காற்று சோர்ந்துபோனால் அது கூடும். மழையில் இருந்த அந்த விகிதம் கல்லின் அடுக்கிலும் பதிந்துவிடுகிறது.

அடுக்கடுக்காகச் சுரண்டி, தூளாக்கி, அளந்துகொண்டே வந்தவர்களுக்கு ஓரிடத்தில் கணக்கு குதித்தது. ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் கனமான ஆக்ஸிஜன் திடுமென உயர்ந்திருந்தது. பருவமழை பலவீனமாகி, நெடுங்காலம் அப்படியே இருந்திருக்கிறது.

சோஹ்ரா பாலைவனமாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. இங்கே அப்போதும் மழை பெய்திருக்கும். குகைக்குள் துளியும் சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் பெருமழையே இப்படித் தளர்ந்தபோது, விளிம்பில் வானம் பார்த்துப் பயிர் செய்தவர்கள் என்ன ஆகியிருப்பார்கள்?

மூன்று நதிகள், ஒரே கவலை

அந்தக் காலகட்டத்தில் உலகில் நடந்தவை சாதாரணமானவை அல்ல. எகிப்தில் பிரமாண்டப் பிரமிடுகளைக் கட்டிய 'பழைய அரசு' சிதறியது. நைல் நதியின் வெள்ளம், எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் பருவமழையை நம்பியிருக்கிறது. மெசபடோமியாவில் அக்காட் பேரரசு சரிந்தது. அதன் வடக்குப் பகுதி மானாவாரி விவசாயப் பூமி. சிந்து சமவெளியில் பெரிய நகரங்கள் அதற்குப் பிந்தைய சில நூற்றாண்டுகளில் மெல்ல மெல்லக் காலியாகின. மக்கள் கிழக்கே கங்கை, யமுனைப் பக்கமும் குஜராத் பக்கமும் நகர்ந்து சிறு சிறு ஊர்களாகக் குடியேறினார்கள்.

புவியியலாளர்களும் இதைக் கவனித்தார்கள். கடைசிப் பனியுகம் முடிந்த பிறகான 11,700 ஆண்டுகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்ற யோசனை அவர்களிடம் இருந்தது. முதல் இரண்டு பிரிவுகளுக்கும் கிரீன்லாந்து பனிப்பாளத்தில் எல்லை குறித்தார்கள். மூன்றாவதற்கு மௌம்லுவின் கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். 2018-ல் சர்வதேசப் புவியியல் அமைப்புகள் ஒப்புதல் தந்தன. கி.பி. 2000-லிருந்து 4,250 ஆண்டுகள் பின்னால் போனால் வரும் இடம்தான் 'மேகாலயன்' காலத்தின் தொடக்கக் கோடு. 2022-ல், உலகின் முதல் 100 புவியியல் பாரம்பரிய இடங்களின் பட்டியலிலும் மௌம்லு குகை இடம்பிடித்தது.

கல்லோடு ஒரு வாக்குவாதம்

கதை இங்கேயே முடிந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஆனால் அறிவியல் அப்படி முடிவதில்லை.

பெயர் அறிவித்த சூட்டோடு எதிர்ப்பும் வந்தது. "எல்லா நாகரிகங்களையும் ஒரே வறட்சி ஒரே அடியில் சாய்த்தது என்பது ரொம்ப எளிமையான கதை" என்ற கருத்தைத் தொல்லியலாளர் கை மிடில்டன் போன்றவர்கள் முன்வைத்தார்கள். எகிப்தில் அரசியல் சண்டைகள் இருந்தன. அக்காடுக்குப் படையெடுப்புகள் இருந்தன. சிந்து சமவெளி ஒரே நாளில் விழவில்லை. மழை குறைந்தது உண்மையாகவே இருந்தாலும், ராஜாக்களும் சந்தைகளும் செய்த தப்பையெல்லாம் மேகத்தின் தலையில் கட்டிவிட முடியுமா?

அதே 2018-ல் அதே குகையிலிருந்து இன்னோர் ஆய்வும் வந்தது. காயத்ரி கதாயத் தலைமையிலான குழு, மௌம்லுவின் வேறு இரண்டு பொங்கு பாறைகளை இன்னும் நுணுக்கமாக, ஏறத்தாழ ஆண்டுக் கணக்கில் அளந்து பார்த்தது. சின்ஹாவும் பெர்கெல்ஹாமரும் அந்தக் குழுவிலும் இருந்தார்கள். தாங்கள் முன்பு சொன்னதைத் தாங்களே மறுபடி உரசிப் பார்த்தார்கள்.

புதிய கற்கள் சொன்ன கதை கொஞ்சம் வேறு. பருவமழை அந்தக் காலத்தில் தடுமாறியது உண்மை. ஆனால் அது நூற்றாண்டுக்கணக்கில் நீண்ட ஒரே வறட்சி அல்ல. சில பத்தாண்டுகள் மழை குறையும், மீண்டு வரும், பிறகு மறுபடியும் குறையும். அப்படி ஊசலாடியிருக்கிறது.

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்தத் திருத்தத்தின் வலி புரியும். மழையே வராது என்று தெரிந்தால் ஊரை விட்டாவது போகலாம். இரண்டு ஆண்டு வந்து, விதை போட வைத்து, மூன்றாம் ஆண்டு கைவிட்டால் என்ன செய்வது? கடன் வாங்கியவன் எந்த நம்பிக்கையில் காத்திருப்பான்? ஒரு தலைமுறை முழுவதும் இப்படி ஏமாந்தால், வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பத்தான் வேண்டியிருக்கும். சிந்துவெளியின் தெருக்கள் காலியானதற்கு எத்தனை காரணங்கள் இருந்தாலும், அதில் இந்தத் தவிப்புக்கும் பங்கிருக்கலாம்.

இன்றைக்கும் இந்தியாவின் ஓர் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில்தான் பெய்கிறது. பூமி சூடாகிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் அந்த மழை எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்க, அது முன்பு எப்படியெல்லாம் நடந்துகொண்டது என்று தெரிய வேண்டும். நம்மிடம் உள்ள மழைமானிக் கணக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குத்தான். அதற்கு முந்தைய கணக்கு இருட்டுக்குள் இருக்கும் கற்களில் இருக்கிறது.

மழை ஊரில் குடத்தோடு

ஜனவரியில் சோஹ்ராவுக்கு வருபவர்கள் ஒரு காட்சியைக் கண்டு திகைப்பார்கள். உலகின் ஈரமான ஊரில் பெண்கள் தண்ணீருக்காகக் குடத்தோடு நடப்பார்கள். லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. பெய்த மழையெல்லாம் சரிவில் ஓடி, வங்கதேசத்துக்குப் போய்விடுகிறது. மேல்மண்ணையும் கூடவே அடித்துக்கொண்டு போய்விட்டது. காடு அழிந்த மேட்டு நிலத்தில் தண்ணீரைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. 'ஈரப் பாலைவனம்' என்று இதற்கொரு பெயரே உண்டு.

மழை எவ்வளவு என்பதைவிட அதை எப்படிச் சேர்த்துவைக்கிறோம் என்பதுதான் ஊரின் தலையெழுத்து. இதை ஏரிகளை இழந்த நம்மூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குகைக்கும் நிம்மதி இல்லை. கல்லுக்குள் காலத்தைச் சேமித்த அதே சுண்ணாம்பு, சிமெண்டுக்கும் மூலப்பொருள். மௌம்லு மலையிலேயே பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக் கல் வெட்டியெடுத்தார்கள். மாநிலத்தின் வேறு பகுதிகளிலும் நிலக்கரி, சுண்ணாம்புச் சுரங்கங்கள் குகைகளைத் தின்றுகொண்டிருக்கின்றன. எலிவளை போலக் குடைந்து நிலக்கரி எடுப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் தடை செய்தது.

ஆனால் சுரங்க வேலையை நம்பிப் பிழைத்த குடும்பங்களும் இந்த மலையில்தான் இருக்கின்றன. காசி மலையில் நிலம் பெரும்பாலும் அரசுடையது அல்ல. குலத்துக்கும் ஊருக்கும் தனியாருக்கும் சொந்தமானது. ஒரு குகை பிழைக்குமா என்பதை முடிவில் ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். குகை பார்க்க வருபவர்கள் தரும் வழிகாட்டிக் கூலியும், தங்கும் வீட்டின் வாடகையும், சாப்பாட்டுக் காசும் அந்தத் தராசில் ஒரு பக்கம் விழுகின்றன.

போவதற்கு முன்...

* எப்போது போகலாம்: குகைக்கு நவம்பர் முதல் மார்ச் வரை. மழையையும் அருவிகளையும் பார்க்க ஜூன் முதல் செப்டம்பர் வரை. இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது.
* எப்படிப் போகலாம்: கவுகாத்தி வரை விமானம் அல்லது ரயில். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் தமிழகம் வழியாகக் கவுகாத்தி செல்கிறது. சில நாட்கள் ரயிலிலேயே கழியும் என்பதால் புளிசாதம் கட்டிக்கொள்வது நல்லது. அங்கிருந்து சாலை வழியாக ஷில்லாங், சோஹ்ரா.
* என்ன சாப்பிடலாம்: 'ஜாதோ' என்ற இறைச்சிச் சோறு காசி மக்களின் அன்றாட உணவு. பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். வேண்டாதவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம்.
* கூடவே பார்க்க: சுமார் 340 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நோகலிகாய் அருவி. நாங்ரியாட் கிராமத்தின் இரண்டடுக்கு வேர்ப்பாலம். அதற்கு ஆயிரக்கணக்கான படிகள் இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்கவும்.
* குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போனால்: மௌஸ்மாய் குகை போதும். அதே வகைக் கல், அதே துளிதான் அங்கேயும்.
* முக்கியமாக: பொங்கு பாறையைத் தொட வேண்டாம். கையில் இருக்கும் எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது. நினைவுப் பொருளாக உடைத்து எடுப்பவர்கள் எடுப்பது பல ஆயிரம் ஆண்டு மழைக் கணக்கை.

வேர்ப்பாலங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓடையின் ஒரு கரையில் நிற்கும் ரப்பர் மரத்தின் வேரைப் பாக்கு மரத் தண்டு வழியே மறுகரைக்கு நடத்திக் கொண்டுபோவார்கள். அது தடித்து, பின்னி, ஆள் நடக்கும் பாலமாக 15 முதல் 30 ஆண்டுகள் ஆகும். வேரை முதலில் இழுத்துக் கட்டியவர் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவராக இருப்பார். பாலத்தில் ஓடி விளையாடுவது பேரப்பிள்ளைகள்.

மௌம்லுவின் உள்ளே இந்த நொடியும் ஒரு துளி விழுந்துகொண்டிருக்கிறது. போன ஆண்டு பெய்த மழையும், இனி பெய்யப்போகும் மழையும் அந்தக் கல்லில் படியும். இன்னும் 4,000 ஆண்டுகள் கழித்து யாராவது விளக்கோடு வந்து அதைப் படிக்க வேண்டுமென்றால், அந்தக் கல் அங்கேயே இருக்க வேண்டும்.